மலைவீட்டுக்கு டில்ட் அண்ட் டர்ன் ஜன்னல்: ஆர்டர் கொடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

கோவையிலோ சென்னையிலோ இருந்துவிட்டு நீலகிரியில் வீடு கட்ட வருகிறவர்களில் பலர், எங்கோ ஒரு ரிசார்ட்டில் தங்கிப் பார்த்துவிட்டு, டில்ட் அண்ட் டர்ன் ஜன்னல்தான் (கதவு போலவும் திறக்கும், மேல்பக்கம் மட்டும் உள்ளே சாய்ந்தும் நிற்கும் வகை) வேண்டும் என்ற முடிவோடு வருகிறார்கள். நல்ல ஜன்னல்தான். ஆனால் அதை விற்கிற கடைகள் பெரும்பாலும் கீழே சமவெளியில் இருக்கின்றன. கீழே இருப்பவர்களுக்குத் தெரிந்த பிரச்சினைகள் வெயில், தூசி, கொசு. மலைக்கு வேறு கணக்கு. ஆர்டர் ஃபாரத்தில் நாமாகக் கேட்டு எழுத வைக்க வேண்டிய சில விஷயங்கள் உண்டு. அவற்றை விட்டுவிட்டால் எவ்வளவு பெரிய கம்பெனி ஜன்னலும் இரண்டு மழைக்காலத்தில் பல்லிளித்துவிடும். இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வீட்டில் உள்ள எல்லா ஜன்னலும் இந்த வகையாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

எப்படி வேலை செய்கிறது

ஒரே கைப்பிடி, மூன்று நிலைகள். கைப்பிடி கீழ்நோக்கி இருந்தால் ஜன்னல் நான்கு பக்கமும் கொண்டி விழுந்து பூட்டியிருக்கிறது. படுக்கை வாட்டில் திருப்பினால் கதவைப் போல உள்பக்கமாக முழுதாகத் திறக்கும். மேல்நோக்கித் திருப்பினால் கீழ்ப்பக்கம் அப்படியே நிற்க, மேல்பக்கம் மட்டும் சில அங்குலம் உள்ளே சாய்ந்து நிற்கும். சில ஹார்டுவேரில், அதாவது கீல், கொண்டி, கைப்பிடித் தொகுப்பில், இந்த வரிசை மாறும்: முதலில் சாயும், சாவி போட்டால்தான் முழுதாகத் திறக்கும். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கும் ஹோம்ஸ்டேக்கும் இந்த இரண்டாவது வகைதான் சரி.

ஜெர்மனியில் பிறந்து ஐரோப்பா முழுக்கப் பரவிய ஜன்னல் இது. குளிர் நாட்டுக்காரர்கள் காற்று வர வேண்டும், சூடு போகக் கூடாது என்று யோசித்துச் செய்தது. நமக்கு அதில் மூன்று லாபம். சாரல் விழும்போதும் சாய்த்துவைத்துக் கொஞ்சம் காற்று வாங்கலாம். மூடினால் ரப்பர் கேஸ்கெட் சுற்றிலும் நசுங்கி அடைத்துக்கொள்வதால், ஸ்லைடிங் ஜன்னலின் பிரஷ் வழியாக ஜூலைக் காற்று விசில் அடிக்கிற வேலை இங்கே கிடையாது. மூன்றாவதுதான் மலைச்சரிவில் வீடு கட்டியவர்களுக்குப் பெரிய ஆறுதல்: வெளிக் கண்ணாடியை அறைக்குள் நின்றபடியே துடைக்கலாம். முன்பக்கம் ஒரு மாடி, பின்பக்கம் பள்ளத்தைப் பார்த்து மூன்று மாடி என்று நிற்கிற வீடுகள் குன்னூரிலும் கோத்தகிரியிலும் எத்தனையோ. அங்கே ஏணி வைக்க இடம் ஏது?

முதல் வேலை: வீட்டைச் சுற்றி ஒரு நடை

கேட்லாக்கைத் திறப்பதற்கு முன் மழை எந்தப் பக்கத்திலிருந்து அடிக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். நீலகிரி முழுக்க ஒரே மழை கிடையாது. கூடலூர், நடுவட்டம், எமரால்டு, அவலாஞ்சி ஆகிய மேற்குப் பகுதிகளுக்குத் தென்மேற்குப் பருவமழைதான் முக்கியம். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கும் மேல் கொட்டியது. கிழக்கே குன்னூர், கோத்தகிரிப் பக்கம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வரும் வடகிழக்குப் பருவமழைதான் சுவரை நனைப்பது. கொடைக்கானல்காரர்களும் வடகிழக்கை அலட்சியம் செய்ய முடியாது. ஊட்டி நகரம் நடுவில் இரண்டையும் வாங்கிக்கொள்கிறது.

இதற்குப் பெரிய ஆராய்ச்சி எதுவும் வேண்டாம். உங்கள் மனைக்குப் பக்கத்தில் உள்ள பழைய வீட்டைச் சுற்றிப் பாருங்கள். எந்தச் சுவரில் பாசி தடித்திருக்கிறதோ, அந்தப் பக்கம்தான் உங்கள் மழைமுகம். அந்தப் பக்கத்து ஜன்னல்களுக்குத்தான் முதல் பணம் போக வேண்டும்.

பிறகு அறை அறையாக முடிவெடுக்கலாம். படுக்கையறைகள், பள்ளத்தைப் பார்த்த மாடி அறைகள், மழைமுகத்து ஜன்னல்கள் ஆகியவற்றுக்கு டில்ட் அண்ட் டர்ன் போடுங்கள். குளியலறைக்குச் சாய மட்டும் செய்கிற சின்ன ஜன்னல் போதும், விலையும் குறையும். வரவேற்பறையில் தேயிலைத் தோட்டம் தெரிய வேண்டும் என்று எட்டடி அகலத்துக்கு இடம் விட்டிருந்தால், நடுவில் திறக்காத நிலைக் கண்ணாடி, ஓரத்தில் ஒன்றே ஒன்று திறப்பது என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஸ்டோர் ரூமுக்கும் மாடிப்படி ஜன்னலுக்கும் சாதாரண வகையே தாராளம். இப்படிப் பிரித்தாலே மொத்தச் செலவு கணிசமாக இறங்கும். இந்த ஜன்னலில் காசு தின்பது ஹார்டுவேர்தான். திறக்காத கண்ணாடிக்கு ஹார்டுவேர் கிடையாது.

உள்ளே திறக்கிற ஜன்னலோடு குடித்தனம்

புதிதாக வாங்குகிறவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். நம் கண்ணுக்குப் பழக்கமான ஜன்னல் வெளியே திறக்கும், கிரில் உள்ளே இருக்கும், திரைச்சீலை கிரிலை ஒட்டித் தொங்கும். இதில் எல்லாமே தலைகீழ்.

திரைக் கம்பி ஜன்னலின் தலைக்கு மேல் போதிய உயரத்தில் இருக்க வேண்டும், இருபுறமும் நீண்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் சாய்க்கும்போது மேல் சட்டம் கம்பியில் முட்டும், திறக்கும்போது துணி கீலில் மாட்டும். லிண்டலுக்கும் சீலிங்குக்கும் இடையில் இடமே இல்லாத அறை என்றால் சீலிங்கிலேயே டிராக் அடித்துவிடுங்கள். ஜன்னல் திண்டில் பூந்தொட்டி வைக்கும் ஆசையை விட்டுவிட வேண்டும். படிக்கிற மேஜையை ஜன்னலை ஒட்டிப் போட்டால் தினம் லேப்டாப்பை நகர்த்தித்தான் திறக்க வேண்டிவரும். சமையலறையில் சிங்க்கின் குழாய் உயரமாக வளைந்திருந்தால் ஜன்னல் அதிலேயே இடித்துக்கொள்ளும். குழாயின் உயரத்தை முடிவு செய்த பிறகு ஜன்னலின் கீழ்மட்டத்தை முடிவு செய்யுங்கள். அல்லது அந்த ஒரு ஜன்னலைச் சாய்கிற வகையாக மட்டும் வாங்குங்கள்.

கிரில் வெளியே போகிறது. கொசுவலையும் வெளியேதான். ஊட்டியில் கொசு பெரிய தொந்தரவு இல்லை, கூடலூர் பக்கம் வலை இல்லாமல் முடியாது. கிரில் மழையிலும் மூடுபனியிலும் நிற்கப்போவதால் வெறும் இரும்புக்கு பெயின்ட் அடித்து ஒப்பேற்ற வேண்டாம். முழுதாக வெல்டிங் முடித்த பிறகு துத்தநாகத்தில் முக்கியெடுத்த ஹாட் டிப் கேல்வனைஸ்டு கம்பி கேளுங்கள். கிரிலைச் சுவரில் பிடிக்க வேண்டும். ஜன்னல் சட்டத்தில் திருகி மாட்டுவதற்கு ஃபேப்ரிகேட்டர், அதாவது ஜன்னல் செய்து தருபவர், ஆசை காட்டினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். கிரிலின் கனம் சட்டத்தை வளைக்கும், திருகுத் துளை வழியாகத் தண்ணீர் இறங்கும். படுக்கையறைக் கிரில் ஒன்றாவது, தீ பிடித்தால் உள்ளிருந்து திறந்து வெளியேறுகிற மாதிரி இருக்கட்டும்.

கிரில் வேண்டாம், காட்சி கெடுகிறது என்று சொல்கிறவர்கள் பலர். இருக்கலாம். ஆனால் குரங்குக்கு அந்த அழகுணர்ச்சி கிடையாது. சாய்த்துவைத்த ஜன்னலின் மேல் இடைவெளியில் கையை விட்டுப் பார்ப்பது அதற்கு விளையாட்டு. கோத்தகிரி, குன்னூர் சுற்றுவட்டாரத்தில் எண்ணெய் வாசனைக்கும் பழ வாசனைக்கும் கரடி வீட்டு வாசல்வரை வருவது எல்லாருக்கும் தெரிந்ததே. சாய்த்துவைத்த ஜன்னல் பூட்டிய ஜன்னல் ஆகாது. வெளியூர் போகும்போது கைப்பிடி கீழேதான் இருக்க வேண்டும். பூனை வளர்ப்பவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை: சாய்ந்த ஜன்னலின் பக்கவாட்டு இடைவெளியில் நுழையப் பார்த்து, கீழே குறுகும் இடத்தில் சிக்கி உயிரைவிட்ட பூனைகள் உண்டு. ஆள் இல்லாத அறையில் அதைச் சாய்த்து வைக்காதீர்கள்.

சட்டம்: யுபிவிசியா, அலுமினியமா, மரமா

தேக்கில் செய்த பழைய பங்களா ஜன்னல்களின் அழகே தனி. அதே மரம் ஜூலையில் ஊறி இறுகும், பிப்ரவரியில் காய்ந்து இடைவெளி விடும். டில்ட் அண்ட் டர்ன் ஹார்டுவேர் மில்லிமீட்டர் கணக்கில் வேலை செய்வது. நன்றாகப் பதப்படுத்திய மரமும் கைதேர்ந்த ஆசாரியும் இல்லாமல் இதை மரத்தில் முயல்வது வீண் செலவு.

அலுமினியம் மெல்லிசாக, உறுதியாக, அழகாக இருக்கும். ஆனால் உலோகம் குளிரைக் கடத்தும். ஊட்டிப் பக்கம் தலைகுந்தாவிலும் காந்தலிலும் புல்வெளி வெளுக்கும் உறைபனிக் காலத்து விடியலில் சாதாரண அலுமினியச் சட்டத்தின் உள்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள்: கை ஈரமாகும், அந்த ஈரம் சொட்டுச் சொட்டாகத் திண்டில் இறங்கி பெயின்டை உப்ப வைத்திருக்கும். அலுமினியம்தான் வேண்டும் என்றால், உள் சட்டத்துக்கும் வெளிச் சட்டத்துக்கும் நடுவில் பாலிஅமைடு பட்டை வைத்துப் பிரித்த தெர்மல் பிரேக் வகையைக் கேளுங்கள். அது இல்லாத அலுமினியத்தில் இரட்டைக் கண்ணாடி போடுவது பாதிக் காசை வீணாக்குகிற வேலை.

பெரும்பாலான வீடுகளுக்கு யுபிவிசி எனும் கெட்டி பிளாஸ்டிக் சட்டம்தான் கட்டுப்படியாகும். கேட்க வேண்டியவை: உள்ளே எத்தனை அறைகள், அதாவது சேம்பர்கள்? உள்ளே வைக்கிற எஃகு கேல்வனைஸ்டா, எவ்வளவு தடிமன், சட்டம் முழுக்க ஓடுகிறதா அல்லது துண்டாக வைக்கிறார்களா? சட்டம் செய்யும் புரொஃபைல் குழலில் ஒரு துண்டை வெட்டிக் காட்டச் சொல்லுங்கள். நல்ல கடைக்காரர் மேஜையடியிலிருந்து எடுத்துக் கொடுப்பார். நிறத்தில் வெள்ளையே நிம்மதி. அடர்நிற ஃபிலிம் ஒட்டியது மலை வெயிலில் அதிகம் சூடேறி விரியும்.

கண்ணாடி: மலைக்காரர்கள் மட்டும் கேட்க வேண்டிய கேள்வி

மேட்டுப்பாளையத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் குன்னூர் வந்து சேர்வதற்குள் பலூன் மாதிரி உப்பியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இரட்டைக் கண்ணாடிக்கும் அதேதான் நடக்கிறது.

இரட்டைக் கண்ணாடி என்பது இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவில் ஓரமாக ஸ்பேசர் என்ற இடைவெளிப் பட்டை வைத்து, காற்றை உள்ளே அடைத்து, ஓரம் முழுக்க சீல் செய்த ஒரு பெட்டி. கோவை கடல்மட்டத்திலிருந்து சுமார் 411 மீட்டர், ஊட்டி சுமார் 2,240 மீட்டர். ஊட்டியில் காற்றழுத்தம் கோவையைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கீழே அடைத்த காற்று மேலே வந்ததும் விரியப் பார்க்கும். கண்ணாடி இரண்டு பக்கமும் வெளியே புடைக்கும், ஓரத்துச் சீல் இரவும் பகலும் இழுபட்டுக்கொண்டே இருக்கும். பெரிய கண்ணாடி கொஞ்சம் வளைந்துகொடுக்கும். ஒடுக்கமான சின்னக் கண்ணாடி வளையாது, அதனால் அதற்குத்தான் ஆபத்து அதிகம்: சீல் பிரியும், சில சமயம் விரிசலே விடும். சீல் பிரிந்துவிட்டால் நடுவில் ஈரம் புகுந்து, துடைக்கவே முடியாத ஒரு பால் படலம் படியும். அதற்கப்புறம் கண்ணாடியை மாற்றுவதைத் தவிர வழியில்லை.

இதற்குத் தீர்வு புதிதல்ல. மலைநாடுகளுக்குப் போகும் கண்ணாடியில் ஸ்பேசருக்குள் கேபிலரி டியூப் என்ற மயிரிழைக் குழாய் ஒன்றை வைப்பார்கள். அதன் வழியாக உள்ளேயும் வெளியேயும் அழுத்தம் சமமாகும். சில வகையில் சைட்டுக்கு வந்து சமமானதும் குழாயை அடைக்க வேண்டும், சிலதில் அப்படியே விட வேண்டும். எது என்று கண்ணாடி தயாரித்தவர் எழுதித் தர வேண்டும். ஆகவே ஆர்டரில் ஊரின் பெயரோடு உயரத்தையும் எழுத வையுங்கள். குன்னூர் என்றால் சுமார் 1,850 மீட்டர், கொடைக்கானல் என்றால் சுமார் 2,130 மீட்டர். 'மலை உயரத்துக்கு ஏற்ற கண்ணாடி, நடுவில் ஈரம் தெரிந்தால் இத்தனை ஆண்டுக்குள் இலவச மாற்று' என்ற வரி வேண்டும். 'அதெல்லாம் ஒன்றும் ஆகாது சார், ஊட்டிக்கு எவ்வளவோ அனுப்பியிருக்கோம்' என்று சிரித்து மழுப்பினால், அவரிடம் ஒற்றைக் கண்ணாடி மட்டும் வாங்குங்கள். கேபிலரி டியூப் திறந்தே இருக்கும் கண்ணாடியில், சூடு கடப்பதைக் குறைக்கக் காற்றுக்குப் பதில் நிரப்பும் ஆர்கான் வாயுவுக்குத் தனியாகக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள். அந்தக் குழாய் வழியாகவே வாயு மெல்லப் போய்விடும்.

அடுத்தது பூச்சு. கீழே கடைகளில் அதிகம் ஓடுவது சோலார் கண்ட்ரோல் கண்ணாடி, அதாவது வெயிலின் சூட்டை உள்ளே விடாதது. கோவைக்கு அது சரி. நமக்கோ ஜனவரி மாதம் பத்து மணி வெயில் அறைக்குள் வந்து விழுவதுதான் ஓசி ஹீட்டர். அதைக் காசு கொடுத்துத் தடுப்பானேன்? லோ-இ பூச்சுள்ள தெளிந்த கண்ணாடி கேளுங்கள். வெயிலை உள்ளே விட்டு, அறையின் சூட்டை வெளியே போகாமல் பிடித்துவைக்கிற வகை. லோ-இயிலேயே வெயிலைத் தடுக்கிற ரகமும் இருப்பதால், எவ்வளவு வெயில் உள்ளே வரும் என்பதைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். குளிர்காலத்தில் சூரியன் தெற்கே சாய்ந்து போவதால் தெற்கு, கிழக்கு ஜன்னல்களில் இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

கணக்குப் பார்ப்பவர்களுக்கு: சூடு வெளியேறும் வேகத்தைச் சொல்லும் யு-வேல்யூ ஒற்றைக் கண்ணாடிக்கு 5.7 அளவில் இருக்கும். 12 மி.மீ. இடைவெளியுள்ள சாதாரண இரட்டைக் கண்ணாடிக்கு 2.8 அளவு. நல்ல லோ-இ பூச்சு சேர்ந்தால் 2-க்கும் கீழே இறங்கும். எண் குறையக் குறைய நல்லது. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இரட்டை வேண்டும். கோத்தகிரியில் படுக்கையறைகளுக்கு மட்டும் போடலாம். கூடலூரில் ஒற்றைக் கண்ணாடியே போதும், மிச்சக் காசை நல்ல ஹார்டுவேரில் போடுங்கள்.

தரைக்கு அருகில் இறங்கும் ஜன்னலுக்கு டஃபன்டு (உடைந்தால் சிறு துண்டுகளாக உதிர்வது) அல்லது லேமினேட்டடு (உடைந்தாலும் நடுப் படலத்தில் ஒட்டி நிற்பது) கண்ணாடி கட்டாயம்.

அளவும் கனமும்

ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள கண்ணாடி சதுர மீட்டருக்கு இரண்டரை கிலோ. மூன்றடிக்கு நாலடி ஜன்னலில் 5 மி.மீ. கண்ணாடி இரண்டு போட்டால் கண்ணாடி மட்டுமே சுமார் 28 கிலோ வரும். சட்டமும் எஃகும் அதற்கு மேல். இத்தனையும் முழுதாகத் திறக்கும்போது ஒரு பக்கக் கீலில் தொங்குகிறது. ஹார்டுவேர் எத்தனை கிலோ தாங்கும் என்பது கேட்லாக்கில் 80, 100, 130 என்று போட்டிருக்கும். உங்கள் ஜன்னலின் கனத்தைக் கேட்டு ஒப்பிட்டுப் பாருங்கள். விளிம்பில் நிற்கிற கணக்கு வேண்டாம்.

உயரத்தைவிட அகலம் கூடிய ஜன்னல் இந்த வகைக்கு ஒத்துவராது. கீல் சுமையால் மூலை தொய்ந்து, கொஞ்ச நாளில் உரச ஆரம்பிக்கும். நின்றவாக்கில் நீளமான ஜன்னலே அழகும், ஆயுளும்.

இன்னொரு நுணுக்கம்: உள்ளே திறக்கிற ஜன்னலைக் காற்று கேஸ்கெட்டிலிருந்து பிரித்து உள்ளே தள்ளப் பார்க்கும். அதை எதிர்த்து நிற்பது கொண்டிகள்தான். மழைமுகத்து ஜன்னலில் கீல் பக்கம் உட்பட நான்கு பக்கமும் கொண்டி விழுகிறதா என்று வரைபடத்திலேயே பாருங்கள். விலையைக் குறைக்க முதலில் கழற்றுவது இதைத்தான்.

கொட்டேஷனும் பயணமும்

சதுர அடிக்கு இவ்வளவு என்று ஒரே எண்ணைச் சொன்னால் அதை வைத்து ஒப்பிட முடியாது. ஹார்டுவேர் கம்பெனிப் பெயர், கண்ணாடி விவரம், எஃகு, கொசுவலை, போக்குவரத்து, பொருத்துகூலி, ஜிஎஸ்டி, சாரம் கட்டும் செலவு ஆகியவை தனித்தனி வரியாக வர வேண்டும். மலைப்பாதையில் உடைந்தால் யார் பொறுப்பு என்பதும் எழுத்தில் இருக்கட்டும். ஏப்ரல், மே சீசனில் டெலிவரி வாங்காதீர்கள். போக்குவரத்து நெரிசல் ஒரு பக்கம், சாலைகளை ஒருவழியாக மாற்றுவது இன்னொரு பக்கம். வெளிமாவட்ட வண்டிக்கு இ-பாஸ் வேண்டுமா என்பதையும் முன்பே கேட்டுவைப்பது நல்லது. நீலகிரியில் பிளாஸ்டிக் கட்டுப்பாடு கடுமை. சுற்றி வந்த ஃபிலிமையும் தெர்மாக்கோலையும் அதே வண்டியில் திருப்பி எடுத்துப் போகச் சொல்லுங்கள்.

முக்கியமாக ஒன்று: சர்வீசுக்கு மேலே ஆள் இருக்கிறாரா? 'கூப்பிட்டால் கோவையிலிருந்து வருவோம்' என்பது மழை நேரத்தில் மண் சரிந்து சாலை அடைபட்டால் என்னவாகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

பொருத்தும் நாள்

பூச்சு வேலை காய்ந்து, முதல் கோட் பெயின்டும் முடிந்த பிறகு ஜன்னல் வரட்டும். திறப்பை மேல், நடு, கீழ் என்று மூன்று இடத்தில் அகலமும், அதே மாதிரி உயரமும், இரண்டு மூலைவிட்டமும் அளக்க வேண்டும். சிறிய அளவை வைத்துத்தான் ஜன்னல் செய்ய வேண்டும். பழைய பங்களாவின் கல்சுவரில் இரண்டு மூலைவிட்டமும் ஒத்துப்போனால் அது அதிசயம்.

சட்டம் ரசமட்டத்துக்குச் சரியாக, தூக்குக்குண்டுக்கு நேராக நிற்க வேண்டும். இரண்டு மில்லிமீட்டர் சாய்ந்தாலும் முழுதாகத் திறந்த ஜன்னல் தானாகவே நகரும். சட்டத்தை மூலையிலிருந்து 15 செ.மீ. அளவிலும், பிறகு 60 செ.மீ.க்கு மிகாத இடைவெளியிலும் சுவரில் திருகிப் பிடிப்பார்கள். சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவிலுள்ள இடைவெளியில் ஃபோம் அடித்து, அதன் மேல் வெளிப்பக்கம் சிலிக்கான் போட வேண்டும். ஃபோமை வெயிலுக்குக் காட்டினால் மஞ்சளித்துப் பொடியும்.

சுவர் தடிமனாக இருந்தால் சட்டத்தை உள்முகத்தை ஒட்டி வையுங்கள். வெளியே மிஞ்சும் சுவர்த் தடிமன் மழையிலிருந்து காக்கும், உள்ளே ஜன்னலும் சுவரில் முட்டாமல் நன்றாக விரிந்து திறக்கும். வெளித்திண்டு வெளிநோக்கிச் சரிவாகவும், அடியில் தண்ணீர் சொட்டி விழ ஒரு பள்ளக்கோடோடும் இருக்கட்டும். சன்ஷேடு எவ்வளவு நீளமோ அவ்வளவு நல்லது.

சட்டத்தின் வெளிக் கீழ்ப்பக்கத்தில் சின்னச் சின்ன நீள்துளைகள் இருக்கும். மழைத்தண்ணீர் உள்ளே கொஞ்சம் வரும், இந்தத் துளை வழியாக வெளியே போய்விடும், வடிவமைப்பே அப்படித்தான். கொத்தனார் 'ஓட்டை விட்டிருக்காங்க' என்று நல்லெண்ணத்தில் சிமென்ட் பூசி அடைத்துவிடுவார். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் அப்படி அடைத்து, முதல் ஐப்பசி மழையிலேயே தண்ணீர் சட்டத்தில் நிரம்பி அறைக்குள் வழிந்து மரத்தரை உப்பிவிட்டது. ஜன்னல் கம்பெனியோடு ஒரு மாதம் சண்டை போட்ட பிறகுதான் காரணம் தெரிந்தது. ஜன்னலைச் சுற்றி ஓரத்தைப் பூசிச் சரிசெய்யும்போது அந்தத் துளைகள் மேல் டேப் ஒட்டிவிட்டு, முடிந்ததும் மறக்காமல் உரித்துவிடுங்கள். சட்டத்தின் மேலுள்ள பாதுகாப்பு ஃபிலிமையும் சீக்கிரம் உரித்துவிட வேண்டும், வெயிலில் வெந்துபோனால் வரவே வராது.

பாக்கிப் பணம் கொடுக்கும் முன்

ஒவ்வொரு ஜன்னலிலும் இதைச் செய்து பாருங்கள். கைப்பிடி ஒரு கையால், பல்லைக் கடிக்காமல் திரும்ப வேண்டும். பாதி திறந்து விட்டால் விட்ட இடத்தில் நிற்க வேண்டும். ஒரு ரூபாய் நோட்டு அளவு காகிதத்தை சட்டத்துக்கும் ஜன்னல் கதவுக்கும் (திறக்கிற பாகத்துக்கும்) நடுவில் வைத்து மூடி இழுங்கள். நான்கு பக்கமும் இறுக்கமாகப் பிடிக்க வேண்டும், எங்காவது வழுக்கிக்கொண்டு வந்தால் அங்கே கொண்டியைச் சரிசெய்யச் சொல்லுங்கள். திறந்து வைத்து வெளிச்சட்டத்தின் பள்ளத்தில் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றுங்கள், துளை வழியாக உடனே வெளியேற வேண்டும். காற்றடிக்கும் நாளில் ஊதுபத்தி ஏற்றி ஓரமாகச் சுற்றிக் காட்டினால், புகை எங்கே உடைகிறது என்று கண்ணுக்கே தெரியும்.

பழகும்போது

ஜன்னல் மூடிய நிலையில்தான் கைப்பிடியைத் திருப்ப வேண்டும். இந்த ஒரு விதியை வேலைக்கு வருபவருக்கும் விருந்தாளிக்கும் சொல்லிவையுங்கள். திறந்திருக்கும்போது கைப்பிடியை மேலே திருப்பினால், மேல் மூலை விலகி ஜன்னல் ஒரு பக்கமாகச் சரிந்து தொங்கும். பார்க்க, பிய்ந்து விழப்போவது போலவே இருக்கும். பதற வேண்டாம், கீழ்க் கீலும் மேலே ஒரு கரமும் இன்னும் பிடித்துக்கொண்டுதான் இருக்கின்றன. ஒருவர் கனத்தைத் தாங்கிப் பிடியுங்கள். கீல் பக்கத்து மேல் மூலையைச் சட்டத்தோடு ஒட்ட அழுத்துங்கள். கதவின் ஓரத்தில், கைப்பிடிக்கு அருகில் ஒரு சின்ன நாக்கு இருக்கும். தவறாகத் திருப்புவதைத் தடுக்க வைத்தது. அதை அழுத்திக்கொண்டு கைப்பிடியைப் படுக்கை வாட்டுக்குக் கொண்டுவந்தால் கரம் மீண்டும் மாட்டிக்கொள்ளும். பிறகு மூடிக் கீழே திருப்பிவிடலாம். இதைப் பொருத்த வந்தவரிடம் ஒருமுறை வேண்டுமென்றே செய்துகாட்டச் சொல்லி, வீடியோ எடுத்துவைத்துக்கொள்ளுங்கள்.

சாய்த்தே வைத்திருந்தால் போதும் என்று நினைக்காதீர்கள். ஜூலையில் மூடுபனி அந்த இடைவெளி வழியாகவே வந்து போர்வையை ஈரமாக்கும். குளிர்காலத்தில் நாள் முழுக்கச் சாய்த்துவைத்தால் சுவர் குளிர்ந்து போகும், மூலையில் கறுப்புப் பூஞ்சை படியும். ஜெர்மனியில் செய்வது போல, வெயில் வந்த பிறகு பத்து நிமிடம் எல்லா ஜன்னலையும் முழுதாகத் திறந்துவிட்டு மூடிவிடுவதுதான் நல்ல பழக்கம்.

கண்ணாடியில் ஈரம் எங்கே இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். உள்பக்கம் என்றால் அறையில் நீராவி அதிகம், காற்று மாற வேண்டும். வெளிப்பக்கம் என்றால் சந்தோஷப்படுங்கள், அறையின் சூடு வெளியே கசியவில்லை என்று அர்த்தம். நடுவில் என்றால் சீல் போய்விட்டது, வாரன்டி தாளை எடுங்கள்.

உயிர் சம்பந்தப்பட்ட ஒன்று. இந்த ஜன்னல் மூடினால் அறை ஏறக்குறைய காற்றுப் புகாத பெட்டிதான். பழைய மர ஜன்னலில் இருந்த ஓட்டை ஒடிசல்கள் இங்கே இல்லை. அறைக்குள் கரி அடுப்போ பார்பிக்யூ கரியோ கொளுத்தி வைத்துக்கொண்டு தூங்கி, கார்பன் மோனாக்சைடால் விடியாமல் போனவர்கள் பற்றிய செய்திகள் மலை ஊர்களிலிருந்து வந்துகொண்டேயிருக்கின்றன. சாய்த்து வைத்திருக்கிறோமே என்பது இதற்குப் பாதுகாப்பு ஆகாது. அறைக்குள் கரி கூடவே கூடாது. கணப்படுப்பு உள்ள அறைக்கு வெளிக்காற்று வரத் தனி வழி வைத்து, கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றும் மாட்டிவிடுங்கள். கேஸ் கீசர் உள்ள குளியலறைக்கும் இதே விதி.

பராமரிப்பு என்று பெரிதாக இல்லை. ஆண்டுக்கு ஒருமுறை, மே கடைசியில், மழை இறங்குவதற்குள்: நீர்த்துளைகளில் குளவி கட்டிய மண்ணையும் சில்வர் ஓக் இலைத்தூளையும் பழைய பல்துலக்கியால் எடுத்துவிடுங்கள், அசையும் உலோகப் பாகங்களில் அமிலமில்லாத இலகு எண்ணெய் இரண்டு சொட்டு விடுங்கள், கேஸ்கெட்டை ஈரத்துணியால் துடைத்து சிலிக்கான் ஸ்ப்ரே தடவுங்கள் (ஓரம் அடைக்கிற சிலிக்கான் பசை அல்ல). தேங்காய் எண்ணெய் வேண்டாம், குளிரில் உறைந்து பிசுபிசுக்கும். கதவு கீழே உரச ஆரம்பித்தால் 4 மி.மீ. ஆலன் கீயால் கீழ்க் கீலில் உள்ள திருகைக் கால் சுற்று திருப்பினாலே தூக்கிக்கொடுக்கும். அந்தக் கீயையும் கைப்பிடிச் சாவியையும் பொருத்துகிறவர் கிளம்புவதற்கு முன் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், பெரும்பாலும் அவர் பையிலேயே கீழே போய்விடும்.